மறுபக்கத்துக் கற்கள்

என் மாமனாரும் நானும் நான்கு வருடம் ஒரே கடையில் இருந்தோம். ரங்கூனில், லத்தா பேட்டையில் லாந்தர் விளக்குக் கடை. முன்பக்கம் அவர், பின்பக்கம் நான். அந்த நான்கு வருடத்தில் அவர் முகத்தைப் பார்த்து நான் முழுதாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. அவரும் என்னிடம் பேசியதில்லை. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை, எங்கள் ஆட்களிடம் மாமனார் மருமகன் மரியாதை என்றால் அதுதான். கடையில் அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் விளக்குக் கண்ணாடியிடம் சொல்வார்: "பெரிய லாந்தர் ரெண்டு எடுத்தா தேவல." நான் எடுத்து வைப்பேன். வீட்டிலோ எல்லாம் அவர் மகள் வழியாக, அதாவது என் மனைவி வழியாக. "மாப்பிள்ளைட்ட கேளும்மா" என்பார். நான் அடுத்த அறையில்தான் இருப்பேன், காதில் விழும். ஆனாலும் அவள் வந்து கேட்ட பிறகுதான் வாய் திறப்பேன். எங்கள் இருவருக்கும் நடுவில் நடந்தே அவள் கால் தேய்ந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் அவர் ஹஜ்ஜுக்குப் போக முடிவு செய்தார். துணைக்கு நான். என் மனைவி தானும் வருவதாகச் சொன்னாள். காலையில் தகப்பனிடம் கெஞ்சினாள், மாலையில் என்னிடம். அவர், "மாப்பிள்ளை என்ன சொல்றாரு?" என்றார். நான், "அத்தா என்ன சொல்றாங்களோ அதுதான்" என்றேன். பாலைவனத்தில் பெண்பிள்ளையை யார் கட்டி இழுப்பது என்ற நினைப்பு இருவருக்கும் இருந்தது. மாமனாரும் மருமகனும் ஒரே வாயாக ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். அவள் ஒரு டப்பா நிறைய பலச்சாங் என்கிற பர்மா இறால்பொடி வறுத்துக் கொடுத்து, கொட்டுகிற மழையில் துறைமுகம் வரை வந்து வழியனுப்பினாள்.

மக்காவில் எல்லாக் கடமைகளும் நல்லபடியாக முடிந்தன. மதீனா போவதுதான் மிச்சம். அன்றைக்கு மோட்டார் ஏது? ஒட்டகத்தில் பன்னிரண்டு நாள், பாதி வழி கரடுமுரடான மலை. பாலைவனத்து அரபிகளான பதுவிகள்தான் வழிகாட்டிகள். பதுவி கழுத்தை அறுப்பான் என்று ரங்கூனில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு கண்ணில் பூ விழுந்த, செருப்பில்லாத மனிதர். கூட்டத்தில் எல்லாரும் குடித்த பிறகுதான் தான் குடிப்பார். அவர் பேச்சு எங்களுக்குப் புரியாது, எங்கள் பேச்சு அவருக்குப் புரியாது. கைதான் பாஷை.

அந்த ஊர் ஒட்டகத்தின் இரண்டு பக்கமும் கட்டில் மாதிரி இரண்டு கூண்டுகள் தொங்கும். ஒரு பக்கம் ஒருவர், மறுபக்கம் ஒருவர். தராசுதான். ஒரு தட்டு தாழ்ந்தால் மலைப்பாதையில் ஒட்டகத்தோடு எல்லாரும் பள்ளத்தில். என் மாமனார் நல்ல பருமன், நான் வற்றல். அதனால் முதல்நாள் பதுவி என் பக்கத்தில் ஏழு கற்களை வைத்தார். மாமனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏ ஒட்டகமே, எங்க மாப்பிள்ளை ஒருத்தரு பத்தாதாம், கல்லும் வேணுமாம்" என்றார். நானும் என் பங்குக்கு ஒட்டகத்திடமே, "மாமா வீட்டுச் சோறு இன்னும் ஒட்டல" என்றேன். எங்கள் பேச்சு தெரிந்த மூன்றாம் ஆள் இல்லாத இடத்தில் அந்த மிருகம்தான் எங்களுக்கு மகளும் மனைவியும்.

நான்காம் நாள் அவருக்கு வயிறு போக ஆரம்பித்தது. கிணற்று உப்புத் தண்ணீரோ, வெயிலோ, என்ன எழவோ. அடுத்த நாள் பதுவி எங்களை ஏற்றிவிட்டுத் தூரத்தில் நின்று பார்த்தார். வந்து என் பக்கத்திலிருந்து இரண்டு கற்களை எடுத்துப் போட்டார். அதற்கடுத்த நாள் மூன்று. ஏழாம் நாள் என் பக்கம் கல்லே இல்லை. எட்டாம் நாள் ஒரு கல்லை அவர் பக்கத்தில் வைத்தார்.

"மாப்பிள்ளை பக்கம் எத்தனை கல்லு?" என்று மறுபக்கத்திலிருந்து ஒட்டகத்தைக் கேட்டார் மாமா.

"அதே ஏழுதான்" என்றேன்.

அப்போது இரண்டு நாளுக்குக் கிணறு கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரு தோல்பை தண்ணீர் அளந்து கொடுத்திருந்தார் பதுவி. அன்று தொழுகை நேரம் நெருங்கியபோது மறுபக்கத்தில் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் வழியும் சத்தம். இறங்கக்கூடத் தெம்பில்லாத மனிதர், உட்கார்ந்தபடியே கை, வாய், முகம், கால் எல்லாம் மும்மூன்று தடவை கழுவி ஒளுச் செய்துகொண்டிருந்தார். குடிக்கிற தண்ணீரில். வருடத்தில் ஐந்து மாதம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிற ரங்கூனில் ஐம்பது வருடம் இருந்தவர். தண்ணீர் தீர்ந்துபோகும் என்பது அவர் கைகளுக்குத் தெரியவே இல்லை.

பதுவி ஒட்டகத்தின் விலாவில் ஈரத்தைப் பார்த்துவிட்டார். விரலால் தொட்டு என்னிடம் காட்டினார். பிறகு மாமாவின் எதிரே போய்க் குனிந்து, உள்ளங்கைகளை மண்ணில் தட்டி முகத்தையும் கைகளையும் தடவிக் காட்டினார். தண்ணீருக்குப் பதில் மண்ணால் செய்யும் தயம்மும். மாமா சிரித்துத் தலையாட்டினார். "தண்ணி கையில இருக்கும்போது மண்ணு எதுக்கு? அது செல்லாது" என்றார் ஒட்டகத்திடம்.

சட்டத்தில் பாதி அவருக்குத் தெரிந்திருந்தது. மீதிப் பாதி எனக்குத் தெரியும். இருக்கிற தண்ணீர் உயிருக்கு வேண்டுமென்றால் மண்ணே போதும், ஓதப்பள்ளியில் மூன்று வருடம் உட்கார்ந்து படித்தது. பதுவி என்னையே பார்த்தார். நீ சொல் என்று கையை அசைத்தார். மாமனாருக்கு மார்க்கம் சொல்லிக்கொடுப்பதா? "மாமா, நீங்கள் செய்வது தப்பு" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்வதா? ஒட்டகத்திடமாவது சொல்லியிருக்கலாம். விளையாட்டுப் பேச்சுக்குத்தான் ஒட்டகம் உதவியது, இதற்கு எனக்கு நாக்கு எழவில்லை. என் பையிலிருந்து பாதியை அவர் பையில் ஊற்றினேன். அதையும் அவர் கால் கழுவத்தான் ஊற்றினார். கோபம் கோபமாக வந்தது. அவர் மேலா, என் மேலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒன்பதாம் நாள் அவர் பக்கத்தில் நான்கு கற்கள். பை சப்பையாகக் கிடந்தது. பதுவி தன் பங்கிலிருந்து அவர் உதட்டை நனைத்தார். நடுப்பகலில், கரும்பாறைகளுக்கு நடுவே ஒரு கணவாயில், மாமா ஒட்டகத்திடம் மெதுவாக, "மாப்பிள்ளைக்குத் தண்ணி குடுங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஒட்டகத்தை மண்டியிட வைத்துப் பார்த்தபோது உயிர் இல்லை. மதீனா இன்னும் மூன்று நாள் தூரத்தில் இருந்தது.

ஜனாஸாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாவிட்டால் மையித்துக்கும் தயம்முந்தான். பதுவி என் மணிக்கட்டைப் பிடித்து மண்ணில் வைத்தார். நான் உள்ளங்கையைத் தட்டி, என் மாமனாரின் முகத்தைத் தடவினேன். அந்த முகத்தை அதற்கு முன் நான் தொட்டதில்லை. செல்லாது என்று அவர் சொன்ன மண்தான் கடைசியில் அவருக்குக் கிடைத்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

குழியை மூடி மேலே கற்களை அடுக்கினோம். அதற்குப் பிறகும் பதுவி கல் பொறுக்கிக்கொண்டே இருந்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. அவற்றை மாமாவின் கூண்டில் ஒவ்வொன்றாக வைத்து, நான் ஏறியதும் தள்ளி நின்று பார்த்து, இன்னும் ஒன்று வைத்தார். சரியாக என் எடைக்கு. அப்படித்தான் மதீனா போய்ச் சேர்ந்தேன். வழியில், அஸர் தொழுகை நேரத்தில், மறுபக்கம் திரும்பி, "மாமா, தண்ணியக் குடிங்க. மண்ணத் தொட்டுத் தொழுதா போதும், செல்லும்" என்றேன். நேராக, முழு வாக்கியம். முன்னால் நடந்துகொண்டிருந்த பதுவி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். நகர வாசலில் ஒட்டகத்தை மண்டியிட வைத்துக் கற்களை ஓரமாகக் கொட்டினார்.

ரங்கூனில் கப்பல் வந்து நின்றபோதும் மழைதான். என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அத்தாவுக்குத் தண்ணி குடுத்தீங்களா?" என்பது. குடுத்தேன் என்றேன். பொய்யில்லை. அவள் அழுது, கொஞ்சம் ஆறினாள்.

முழுவதையும் சொல்ல எனக்கு இரண்டு வருடம் ஆனது. ரங்கூன் தாமுவேயில் எங்கள் வீட்டில் ஒரு மத்தியானம், கூரைத் தண்ணீர் தொட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. ஈரம் பட்ட விலா, மண், கல், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை.

"நாலு வருஷம் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு பேசுனது நான்தானே" என்றாள். "அதான் நானும் வர்றேன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு எழுந்து உலையில் அரிசி போடப் போனாள்.