மலிவாக ஒரு தூண்டில் கேட்டு வந்தவர்கள்

தூண்டில் விற்கும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: மீன் மாட்டினால் அது வாங்கியவரின் கெட்டிக்காரத்தனம், மாட்டாவிட்டால் அது விற்றவளின் பிழை.

சப்பாத்தோ சட்டியோ சட்டைத்துணியோ, எதை விற்றாலும் சரி, கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஹட்டன் பஸ் நிலையத்துக்குச் சற்று மேலே ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறேன். பைப், ஆணி, பெயின்ட், கயிறு என்று நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த கடை. ஒருநாள் எங்கள் முதலாளி கொழும்புக்குப் போய் ஒரு பெரிய பெட்டியோடு வந்து இறங்கினார். பெட்டி நிறையத் தூண்டில் கம்புகள், ரீல்கள், பிளாஸ்டிக் மீன்கள். "இப்ப எல்லாரும் போன்ல மீன் புடிக்கிற வீடியோதான் பாக்குறாங்க. ஜெயா, நீதான் நல்லாப் பேசுவ. இந்த மூலை ஒம் பொறுப்பு" என்றார். டிக்கோயாவில் பிறந்து வளர்ந்த எனக்கு அதுவரை தெரிந்த மீன் இரண்டே வகை: டின்மீன், கருவாடு. மற்றதையெல்லாம் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

வீசிப் பாக்கலாமா?

முதல் வாரமே ஒரு தேயிலை ஃபெக்டரி ஐயா வந்தார். நல்ல உயரம், நல்ல குரல். கம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காற்றில் ஆட்டிப் பார்த்தார். கடைசியில் இருப்பதிலேயே மெல்லிய கார்பன் கம்பைப் பிடித்துக்கொண்டு, "இதுல ஒரு மீனைக் கட்டிக் குடும்மா, வீசிப் பாக்கணும்" என்றார். மலிவாக வாங்குவதென்றால் கார்பனைவிட ஃபைபர் கம்புதான் நல்லது, கொஞ்சம் கனம்தான், ஆனால் பஸ் கதவில் மாட்டினாலும் படக்கென்று உடையாது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கடைக்குள் வீசக்கூடாது என்பதாவது தெரிந்திருக்க வேண்டும். மூன்று முனைக் கொக்கி இரண்டு தொங்கும் ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் மீனை எடுத்துப் பக்குவமாகக் கட்டிக் கொடுத்தேன்.

அவர் பின்பக்கம் சாய்த்து ஒரு வீசு வீசினார். மீன் முன்னால் போகவில்லை. பின்னால் மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளியின் குரங்குத் தொப்பியைக் கவ்விக்கொண்டு மேலே போய், கூரைக் கம்பியில் தொங்கியது. நான் ஓடிப்போய் முதலாளியின் தலைமுடியை விலக்கிப் பார்த்தேன். காது இருக்கிறது, கண் இருக்கிறது, ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ஐயா கம்பை மெதுவாகக் கவுண்டரில் வைத்தார். முதலாளி தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, அண்ணாந்து தொப்பியைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நல்ல வேள, இன்னைக்கிக் குளிருச்சு."

ரப்பர் தவளை

எங்கள் உயரத்தில் விரால் மீன் குறைவு. கினிகத்தேன பக்கம் இறங்கினால் உண்டு. விராலுக்கு ரப்பர் தவளைதான் கட்ட வேண்டும் என்று வீடியோ பார்த்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். நிஜத் தவளையே தோற்றுப்போகும்படி வழவழவென்று, கால் இரண்டும் ஆடிக்கொண்டு இருக்கும். வீடு கட்டும் மெசன் வேலை செய்யும் யோகராஜா என்பவர் கறுப்பா பச்சையா என்று முடிவுசெய்ய முடியாமல் நின்றார். மீனுக்கு எது பிடிக்கும் என்று என்னைக் கேட்டார். பெட்டியிலிருக்கும் கலர் எல்லாம் மீனைவிட மனுசரைப் பிடிக்கத்தான் அண்ணே, ஏதாவது ஒன்றை எடுங்க, மிச்சக் காசுக்கு நல்ல கொக்கி வாங்குங்க என்றேன். அவர் இரண்டையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கினிகத்தேன பஸ் ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் காக்கிச் சட்டையோடு ஒருவர் அவர் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு கடைக்குள் வந்தார். பொலிஸ் என்றுதான் நினைத்தேன். பார்த்தால் பஸ் கண்டக்டர். பஸ் புறப்படக் காத்திருந்தபோது யோகராஜா குனிய, தவளை இரண்டும் பக்கத்து சீட் அம்மாவின் மடியில் விழுந்திருக்கின்றன. அந்த அம்மா போட்ட கூச்சலில் பாதி பஸ் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கொக்கி ரப்பருக்குள் மடங்கி இருந்ததால் அந்த அம்மாவின் சேலையில் ஒரு நூல்கூட இழுபடவில்லை. பிறகு அவரே சிரித்துவிட்டாராம். அப்படியானால் இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். யோகராஜா கண்டக்டரைக் காட்டினார். கண்டக்டர் கறுப்புத் தவளை ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒன்னு குடுங்க தங்கச்சி. டிக்கெட் இல்லாம ஏறுறவங்க மடியில போட்டுப் பாக்கணும்" என்றார்.

மாஸ்டரின் சந்தேகம்

அக்கரப்பத்தனைப் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து மாஸ்டர் ஒருவர். கடற்கரையில் பிறந்தவர். அவருக்கு எங்கள் கம்பு எதைக் காட்டினாலும் சிரிப்பு. "உது என்ன பிள்ளை, ஈர்க்கு மாதிரிக் கிடக்கு? கடலிலை உதைக் கொண்டு போனா மீனே சிரிக்கும்." இது கடலுக்கு இல்லீங்க சேர், குளத்துக்கு என்றேன். அதற்குள் நான் கொஞ்சம் தேறியிருந்தேன். கம்பில் நூல் ஓடும் வளையங்களுக்குள் ஒரு பஞ்சுத் துண்டை விட்டு இழுத்துக் காட்டினேன். பஞ்சு எங்காவது சிக்கினால் அந்த வளையத்தில் பிசிர் இருக்கிறது, அது நூலை அறுத்துவிடும். சிக்காவிட்டால் விலை எவ்வளவு குறைவானாலும் கம்பு நல்ல கம்பு. மாஸ்டர் பஞ்சைத் தானே வாங்கி எல்லாக் கம்பிலும் விட்டுப் பார்த்து, இருப்பதிலேயே மலிவான ஃபைபர் கம்பு ஒன்றைப் பொறுக்கினார். போகும்போது வாசலில் நின்று, "முறிஞ்சா நான் நேரை உம்மிட்டைத்தான் வருவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்தார். நீட்டுப் பார்சல் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கறுத்த முகத்தோடு அவர் படியேறுவதைக் கண்டதும் நான் பெயின்ட் அடுக்குக்குப் பின்னால் போய்விட்டேன். முதலாளி விடுவாரா? "ஜெயா, ஒன்னத்தான் கேக்குறாரு" என்று சத்தம் போட்டார். மாஸ்டர் பார்சலைப் பிரித்தார். கம்பு முழுதாக இருந்தது. கோதுமை மாவு உருண்டை போட்டு உட்கார்ந்திருக்கிறார். பெரிய கெண்டை ஒன்று மாட்டியிருக்கிறது. கம்பு வில்லாக வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டதாம். இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிடித்திருக்கிறார். நூல் தளர்ந்தபோது கண்ணைத் திறந்தால், கொக்கி நிமிர்ந்து வெறுமையாக வந்திருக்கிறது. கம்பை ஒரு பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டு அவர் சொன்னது இது: "மீன் போயிட்டுது பிள்ளை, தடி முறியேல்லை. எனக்கு அது போதும். நல்ல கொக்கி இருந்தாத் தாரும்."

ஜெக்கட் பைக்குள் ஒரு கை

ஒருவர் அடிக்கடி வருவார். ஒன்றும் கேட்க மாட்டார். ரீல் வைத்திருக்கும் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நிற்பார், பார்ப்பார், போய்விடுவார். வலது கை எப்போதும் ஜெக்கட் பைக்குள்ளேயே இருக்கும். கடைக்காரர்களுக்கு இப்படி ஆட்களைக் கண்டால் என்ன தோன்றும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. முதலாளி என்னிடம் கண்ணைக் காட்டினார். நான் போய், என்னாங்க பாக்குறீங்க என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, கையைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். பெருவிரல் இருந்தது. மற்ற நான்கும் பாதியோடு நின்றுவிட்டன. ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெசினில் போனதாம். "இத வச்சிக்கிட்டு சுத்துற மாதிரி ரீல் ஏதும் இருக்குங்களா? இல்லாட்டிப் பரவால்லங்க" என்றார்.

இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. ஒவ்வொரு ரீலாக எடுத்துப் பார்த்தேன். கைபிடி எல்லாம் இடது பக்கம்; அவருக்கோ கம்பைப் பிடிக்கவே இடது கை வேண்டும். ஒன்றின் வலது பக்கத்தில் சின்ன மூடி ஒன்று கண்ணில் பட்டது. திருகினால் கழன்றது. கைபிடியைக் கழற்றி அந்தப் பக்கத்தில் மாட்டினால் சரியாகப் பொருந்தியது. மலிவான ரீல்தான், ஆனால் பிடிக்கிற குமிழ் நல்ல பெரிசு. நூலின் நுனியை ஒரு காலி பெயின்ட் டின்னில் கட்டி, டின்னைக் கடை வாசலில் கொண்டுபோய் வைத்தேன். அவர் இடது கையால் கம்பைப் பிடித்தார். வலது உள்ளங்கையைக் குமிழில் வைத்து, பெருவிரலால் அணைத்துச் சுற்றினார். முதலில் வழுக்கியது. மறுபடி வைத்தார். டின் கடகடவென்று சிமெந்துத் தரையில் உருண்டு வந்து முதலாளியின் மேசைக்காலில் முட்டியது. முதலாளி எழுந்துபோய் டின்னைத் தூக்கிக்கொண்டு தானே வாசலில் வைத்துவிட்டு வந்தார். "இன்னொருக்கா இழுங்க தம்பி" என்றார். அதற்குப் பிறகும் பலதரம் இழுத்தார். பிறகு கையை மறுபடி பையில் வைக்க மறந்து, அப்படியே நீட்டிக் காட்டி என்னிடம் சொன்னார்: "இதுக்கும் ஒரு வேல கெடச்சிருச்சுங்க."

ரமேஷ் வாங்கிய ரீல்

ரமேஷ் டவுனில் பேக்கரியில் வேலை செய்பவன். லீவு நாளில் காலையிலேயே வந்து, இருப்பதிலேயே விலை குறைந்த ரீலைக் கேட்டான். வேண்டாம் தம்பி, கைபிடி கொஞ்சம் ஆடுது என்றேன். கேட்கவில்லை. எங்கே மீன் படும் அக்கா என்றான். நோட்டன் பிரிட்ஜில் அணைக்குக் கீழே ஆற்றுப் பாறையில் நின்றால் நன்றாகப் படுகிறதென்று சில பேர் சொல்லக் கேட்டிருந்தேன். அதை அப்படியே சொன்னேன். போய்விட்டான்.

மதியம் பிடித்த மழை விடவில்லை. நோட்டன் பக்கத்திலிருந்து வந்த ஆட்டோக்காரர் ஒருவர், அணைக் கதவைத் திறந்துவிட்டார்கள், ஆறு சிவப்பாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டு பீடி பற்றவைத்தார். எனக்கு அப்போதுதான் ரமேஷின் நினைவு வந்தது. சற்று நேரத்தில் அவனுடைய மனைவி கலா, இடுப்பில் பிள்ளையோடு முழுக்க நனைந்து வந்து நின்றாள்.

"அக்கா, இவரு ஒங்க கடைக்கு வந்தாரா? போன் போகவே மாட்டேங்குது."

வந்தார், நோட்டன் போனார் என்று சொன்னேன். அங்கே போகச் சொன்னது நான்தான் என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பிள்ளையின் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். முதலாளி நோட்டனில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்தார். அணை திறக்கும் சைரன் அடித்தபிறகு பாறையில் யாரையும் காணவில்லை என்றார்கள். காணவில்லை என்ற சொல்லை அன்றைக்கு எப்படி எடுத்துக்கொள்வது? நான் பிள்ளைக்குத் தேத்தண்ணி ஆற்றிக் கொடுத்தேன். வாசலைப் பார்த்துக்கொண்டே ஆற்றியதில் அது பாதி கீழே கொட்டியது.

மழை கொஞ்சம் குறைந்தபோது வாசலில் ஒரு ஆள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, ஒரு கையில் ரீல், மற்றக் கையில் அதன் கைபிடி. "இதையெல்லாம் ஒரு சாமான்னு விக்கிறீங்களா?" என்று கத்திக்கொண்டே ரமேஷ் உள்ளே வந்தான். பாறையில் ஏறி இரண்டாவது தடவை வீசும்போதே கைபிடி கழன்றுவிட்டதாம். எங்களோடு சண்டை பிடிப்பதற்கென்றே உடனே பஸ் ஏறியிருக்கிறான். வழியில் மண் சரிந்து, ஆட்டோக்கள் மட்டும் ஓரமாக நுழைந்து போக, பஸ் வெகுநேரம் நின்றிருக்கிறது. போன் நனைந்து செத்துவிட்டது. அணை திறந்த கதை அவனுக்குத் தெரியவே தெரியாது. கலா எழுந்துபோய் அவன் நெஞ்சில் படாரென்று ஒரு அடி போட்டாள், பிறகு அங்கேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் விசயத்தைச் சொன்னேன். ரமேஷ் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தான். முதலாளி அலமாரியைத் திறந்து நல்ல ரீல் ஒன்றை எடுத்து, காசு வேண்டாம், இதைக் கொண்டு போ என்று நீட்டினார். ரமேஷ் கையிலிருந்த உடைந்ததைப் பார்த்தான், நீட்டியதைப் பார்த்தான். "வேணாம் முதலாளி. இதையே பூட்டிக் குடுங்க, இது போதும்" என்றான்.

இப்போதெல்லாம் அந்த ரக ரீலைக் குறை சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடுகிறேன், உயிரோடு வந்து நின்று திட்டுகிற வாடிக்கையாளரைப்போல நல்ல வாடிக்கையாளர் வேறு யார் இருக்கிறார்கள்?