நடு ஸ்பீக்கர்

வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்தது நான் படம் பார்க்க அல்ல, அப்பாவுக்காக. அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டு வந்தது. டி.வி.யில் ஆட்கள் வாயசைப்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பக்கத்தில் யாராவது சிரித்தால் அவரும் சிரிப்பார். காதுக் கருவி வாங்கிக் கொடுத்தேன். இரைச்சல் என்று கழற்றிவிட்டார். என்னவென்று தெரியாமலே சிரிக்கும் அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

மதுரைக் கடையில் சண்டைக் காட்சியாகப் போட்டுக் காதைக் கிழித்தார்கள். யாராவது பேசுவதைப் போடுங்கள் என்றேன். படத்தில் பேச்செல்லாம் பெரும்பாலும் டி.வி.க்குக் கீழே வைக்கும் நடு ஸ்பீக்கரில்தான் வரும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். மற்றவற்றைச் சுமாராக எடுத்து, அது ஒன்றை மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக் கேட்டு நல்லதாக எடுத்தேன்.

பொருத்த என் சிநேகிதன் வந்தான். பந்தல்குடியில் மைக் செட் வைத்திருப்பவன். என் கல்யாணம், பிள்ளைகள் காதுகுத்து, ஊர்ப் பொங்கல் எல்லாவற்றுக்கும் அவன் செட்டுதான். எங்கள் பக்கம் செட்டு கட்டியவனைத் தவிர வேறு யாரும் ஒயரில் கை வைக்க மாட்டார்கள். வைத்தால் அவனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அன்று நான் அருப்புக்கோட்டையில் வேலையில் இருந்தேன். வீட்டில் அப்பா மட்டும். சாயங்காலம் வந்து பார்த்தால், டி.வி.க்குக் கீழ்த் தட்டைக் கறுப்புத் துணியால் மூடி ஆணியே அடித்துவிட்டிருந்தான்.

"கரிசக்காட்டுத் தூசி உள்ள போயிரும் மாப்ள. இத மட்டும் பிரிச்சுராத."

நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

கோயில் பொங்கலுக்குச் செட்டைச் சோதிப்பதுபோல உறுமி மேளத்தைப் போட்டான். அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன. தெருவே வாசலில் வந்து நின்று பிரமாதம் என்றது. பேச்சைப் போட்டுப் பார்க்க எவனுக்கும் தோன்றவில்லை. கடையில் அத்தனை பவிசு காட்டிய எனக்கும்தான்.

மறுநாளிலிருந்து பாட்டு கூரையைப் பிய்த்தது. பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. கேட்டதற்கு, "புது ஸ்பீக்கரு, பழகணும்லே" என்றான். பழகட்டும் என்று காத்திருந்தேன். அப்பாவிடம் கேட்டால் "கேக்குதுப்பா" என்பார். மறுபடி அதே சிரிப்பு. காது இன்னும் மோசமாகிவிட்டது என்று நினைத்து அவரை டாக்டரிடம்கூட இழுத்துக்கொண்டு போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிமோட்டைக் குடைந்ததில், ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சோதிக்கும் வசதி இருப்பது தெரிந்தது. அழுத்தினேன். இடது பக்கம் இரைந்தது. நடு ஸ்பீக்கரின் முறை வந்தது, சத்தமே இல்லை. அப்புறம் வலது பக்கம் இரைந்தது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்துவிட்டு ஆணியைப் பிடுங்கினேன். துணிக்குப் பின்னால் தட்டு காலி. ஒயர் நுனியில் கறுப்பு டேப் அழகாகச் சுற்றியிருந்தது. மறதியாக விட்டவன் அப்படிச் சுற்ற மாட்டான். எனக்கு வயிறு எரிந்தது. திருடன் எடுத்திருந்தால் இப்படி எரிந்திருக்காது.

கூப்பிட்டதும் வந்தான். காலித் தட்டைப் பார்த்தான், கூசவில்லை.

"எங்க வீட்டு டி.வி.க்கு வச்சிருக்கேன். பிள்ளைக பாக்குதுக."

"அப்பாவுக்குன்னுதான வாங்குனேன்? ஒங்கிட்ட சொன்னேனா இல்லையா?"

"ஏலே, உங்கப்பாவுக்குத்தான் காது கேக்காதே. கேக்காதவுகளுக்கு எதுக்கு மாப்ள அவ்வளவு நல்ல ஸ்பீக்கரு?"

மைக் செட் ஓட்டி ஓட்டி அவனுக்கு மெதுவாகப் பேசவே வராது. அப்பா அங்கேதான் நாற்காலியில் டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. அவர் கண்ணெதிரேதான் அதைக் கழற்றிப் பையில் போட்டிருக்கிறான். அவரும் ஏதோ வேலை நடக்கிறது என்று சிரித்திருப்பார்.

ஸ்பீக்கரை அன்றே கொண்டுவந்து வாசல் திண்ணையில் வைத்துவிட்டு, உள்ளே வராமல் போனான். நானே மாட்டினேன். பேச்சு வார்த்தை வார்த்தையாக வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி.

வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போய், காதருகே குனிந்து உள்ளே வரச் சொன்னேன். அவர் நாற்காலியைவிட்டு எழவில்லை.

"கேக்காதவனுக்கு எதுக்குப்பா நல்ல ஸ்பீக்கரு? நீங்க கேளுங்க" என்றார்.