கண் டாக்டர் விட்ட குறட்டை

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை. மலேசியாவில், மலாக்கா பக்கம் மெர்லிமாவில் நான் தூங்கி எழுந்தபோது, என் வலது கண்ணுக்குள் யாரோ பழுப்புக் கறை பூசிவிட்டுப் போயிருந்தார்கள். கழுவினேன், கசக்கினேன், போகவில்லை. தோட்டத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு போய்த் தொழிற்சாலையில் விடும் பஸ்ஸுக்கு நான் டிரைவர். ரோட்டைப் பார்க்க ஒரு கண் போதாதா என்று மூன்று நாள் ஓட்டினேன். அவ்வளவு பொறுப்பானவன்.

பஸ்ஸில் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. உடம்புச் சூடு என்றார் ஒரு அக்கா. கண்திருஷ்டி என்றார் இன்னொருவர். என் தொப்பையையும் அந்த ஓட்டை பஸ்ஸையும் பார்த்து யார் பொறாமைப்பட்டார்களோ தெரியவில்லை. நாலாம் நாள் ஒரு மோட்டார் சைக்கிளை உரசப் பார்த்தேன். மறுநாளே மனைவி என்னை மலாக்கா டவுனுக்கு, கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் மலாய்க்காரர். சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தார். கண்ணின் பின்பக்கம் ஒரு சின்ன ரத்தக் குழாய் அடைத்து, ரத்தம் கசிந்திருக்கிறதாம். பிரஷரும் எகிறியிருந்தது. அப்புறம், "பெர்டெங்குர்?" என்று கேட்டார்.

முப்பது வருடம் மலாய் பேசியே போலீஸ்காரர்களிடம் சம்மன் வாங்காமல் தப்பிய எனக்கு, அந்த ஒரு வார்த்தை தெரியவில்லை. டாக்டர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, 'கொர்ர்' என்று ஒரு குறட்டை விட்டார். இவ்வளவு படித்தவர் இவ்வளவு சுமாராகக் குறட்டை விடுவார் என்று நான் நினைக்கவில்லை. கண்ணைக் காட்ட வந்தவனிடம் மூக்கை விசாரிக்கிறாரே என்று எரிச்சல் வேறு.

"யா டாக்டர், பெர்டெங்குர்!" என்றாள் மனைவி.

"உனக்கு எப்படிடி அந்த வார்த்தை தெரியும்?"

"பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா சொல்லித்தான். சுவரு அதிருதுன்னு எத்தனை தடவை கம்ப்ளெய்ன் பண்ணிட்டாங்க லா."

அதோடு விட்டாளா? குறட்டை நடுவில் நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும், முழங்கையால் இடித்தால்தான் திரும்ப வரும் என்று டாக்டரிடம் சொன்னாள். உண்மைதான், முன்பெல்லாம் இடிப்பாள். அவள் இடிப்பதால்தான் தூக்கம் கெட்டு, பஸ்ஸில் உட்கார்ந்தாலே கண் சொருகுகிறது என்று திட்டிவிட்டு, நான் பாயை ஹாலுக்கு மாற்றி ஒரு வருடம் ஆகியிருந்தது.

டாக்டரின் முகம் மாறியது. மூச்சு நிற்கும்போதெல்லாம் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், பிரஷர் ஏறும், கண்ணில் இருக்கும் மெல்லிய குழாய்கள் அதைத் தாங்காது என்றார். இது மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இப்படியே விட்டால் நல்ல கண்ணுக்கும் ஆபத்து என்றார். இரண்டும் போனால் பஸ் ஏது, பிழைப்பு ஏது?

மூச்சு எவ்வளவு நேரம் நிற்கும் என்று மனைவியிடம் கேட்டார்.

அவளுக்குக் கணக்குச் சொல்லத் தெரியவில்லை. வாயை மூடி, மூக்கைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இதோ விடுவாள் என்று பார்த்தேன். விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் கட்டியது. விடவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"போதும்மா, விடு!" என்று கத்தினேன்.

அவள் கையை எடுத்து, மூச்சை இழுத்துவிட்டாள்.

"ஹாலுக்கு வந்து உங்க பக்கத்துல உக்காந்து, தெனமும் ராத்திரி உங்க மூச்சு திரும்ப வர்ற வரைக்கும் இப்படித்தாங்க பாத்துக்கிட்டு இருக்கேன்."