கொல்ல ஆளில்லாத துரியோதனன்

ஊரைச் சிரிக்க வைப்பதுதான் கண்ணாயிரத்துக்குப் பிழைப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டாலே அவனுக்கு வயிறு எரியும். நைனார்பாளையம் பக்கத்துக் கூத்து ஜமாவில் அவன் கட்டியங்காரன். ராசா வருகிறார், வழி விடுங்கள் என்று கோமாளித் தொப்பியோடு குதிப்பான். அப்புறம் திரை விலகித் துரியோதனனாகச் சின்னராசு வருவார். அவர் ஆடிப் போடும் காலடியில் கல்வராயன் மலையே ஒரு முழம் குனியும் என்பார்கள். பொறாமைக்காரர்கள் அரை முழம்தான் என்பார்கள்.

ராசா வசனம் முழுக்கக் கண்ணாயிரத்துக்கு மனப்பாடம். ஒரே ஒருமுறை வாத்தியார் அய்யப்பனிடம் அந்த வேஷத்தைக் கேட்டான். நீ அழுதாலே ஜனம் சிரிக்குதே என்று அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து சின்னராசு மூச்சு விடுவதுகூட அவனுக்குப் பொறுக்கவில்லை.

திரௌபதி அம்மன் திருவிழாவில் காப்புக் கட்டிய வேஷக்காரர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த வருஷம் வேஷம் போயிற்று. துரியோதனன் சாகும் படுகளத்தன்று காலை சின்னராசு முகத்துக்குச் சிவப்பு பூசி முடித்த நேரம் பார்த்துக் கண்ணாயிரம் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"அண்ணா, உம் பொண்ணு கவியா சின்னசேலத்துல வண்டில அடிபட்டுக் கெடக்குதாம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போயிருக்காங்க."

சின்னராசு முகத்தைக்கூடத் துடைக்காமல் பஸ் ஏறினார். வசனம் தெரிந்தவன் வேறு யாருமில்லை. கிரீடம் கண்ணாயிரத்தின் தலையில் ஏறியது.

களத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடந்தான். அதைச் சுற்றிச் சண்டை போட்டு, கடைசியில் பீமன் அந்த மண் தொடையைப் பிளக்க வேண்டும். அதே நொடியில் வேஷம் கட்டியவனும் விழுந்து சாக வேண்டும். கண்ணாயிரம் கர்ஜித்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. ஜனம் மிரண்டுவிட்டது என்று பூரித்துப் போனான்.

ஜனத்துக்கு விஷயம் தெரிந்திருந்தது. கவியா சின்னசேலத்தில் தன் புகுந்த வீட்டில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டு சௌக்கியமாக இருந்தாள். அழுது கரைந்த முகச்சாயத்தோடு வந்து நின்ற அப்பாவைப் பார்த்து, அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டாள். சங்கதி பஸ்ஸைவிட வேகமாகக் களத்துக்கு வந்து சேர்ந்தது.

பீமன் வேஷக்காரன் தனசேகரன் கதாயுதத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றான்.

"அடிடா. அடிச்சாதானே கூத்து முடியும்" என்றான் கண்ணாயிரம்.

"அம்மனுக்கு வேண்டியது இந்த மண்ணு ராசா. நீ யாரு? இன்னா வேல உனக்கு இங்க?"

சொல்லிவிட்டு மண் தொடையில் ஓங்கிப் போட்டான். உள்ளே புதைத்திருந்த பானை உடைந்து செந்நீர் பாய்ந்தது. பாஞ்சாலி கூந்தலை முடிந்தாள். மேளம் தீக்குழிப் பக்கம் நகர, ஊரே பின்னால் போனது. கண்ணாயிரம் சாகவே இல்லை. நான் விழட்டுமா என்று வாத்தியாரைக் கேட்டான். அவர் தாளத்தை மடியில் செருகிக்கொண்டு கடந்து போனார்.

வேறு வழியில்லாமல் தானே அலறித் தானே விழுந்தான். வேடிக்கை பார்க்க மலையிலிருந்து இறங்கியிருந்த ஆயம்மாள் அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

"ஓரமாப் போய்ப் படுப்பா. யாராச்சும் மிதிச்சிடப் போறாங்க."

கடைசியில் அவன் மனைவி சுபலட்சுமிதான் வந்தாள். அவன் தலைமாட்டில் குந்திக் கிரீடத்தின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். எழுப்பிவிடுவாள் என்று கையை நீட்டினான். அவள் கிரீடத்தை மட்டும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, சின்னராசு வீட்டைப் பார்த்து நடந்தாள்.