லீவர் பிடித்தவரும் கை காட்டியவரும்

துறைமுக கிரேன் ஓட்டுநருக்குத் தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. மண்டைக்கனம் அதற்கும் மேலே. கீழே நின்று கை காட்டும் சிக்னல்காரரைப் பத்தொன்பது வருஷமாக அவர் ஒரு ஆளாகவே மதித்ததில்லை. 'நிறுத்து' என்று அந்தக் கை உயர்ந்தால் போதும், வயர்லெஸ்ஸில் வசவு தொடங்கிவிடும்.

"கை ஆட்டுறதுக்கு ஒரு ஆளு! என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

இப்பேர்ப்பட்ட மகானுபாவரின் கணையத்தில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு நீர்க்கட்டி. விட்டுவைத்தால் புற்றாக மாறலாமாம். முதலில் பார்த்த டாக்டர், பாதிக் கணையத்தையும் மண்ணீரலையும் சேர்த்தே எடுத்துவிடலாம் என்றார். அப்படி எடுத்தால் சர்க்கரை நோய் வரலாம். இன்சுலின் போடுகிறவரைக் கூண்டில் ஏற்றக் கூடாது என்பது அந்தத் துறைமுகத்தின் விதி. கூண்டை விட்டு இறங்கினால் ஐயா யார்? கீழே நிற்கும் இன்னொரு ஆள். கட்டியைவிட இதுதான் அவருக்குப் பெரிய வியாதியாகத் தோன்றியது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா, ரோபோவை வைத்துக் கட்டியை மட்டும் தோண்டி எடுத்துக் கணையத்தைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்றார். தான் ஓரமாக உட்கார்ந்து பிடிகளை அசைத்தால் ரோபோவின் கைகள் வேலை செய்யும் என்று விளக்கினார். இவருக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியா, என் வேலையேதான்! லீவர் பிடிக்கிறவங்கதான் எல்லாம். பக்கத்துல நிக்கிறதெல்லாம் சும்மா அலங்காரம்."

"ஆமாமா, உங்களப் பாத்துதான் கண்டுபிடிச்சாங்க" என்று நொடித்தாள் மனைவி.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் டாக்டரம்மா ஒரு நர்ஸோடு வந்தார். கணையம் தப்பிவிட்டது, சர்க்கரை அளவும் சரியாக இருக்கிறது என்றார்.

"லீவர் பிடிக்கத் தெரிஞ்ச கை, டாக்டர், உங்க கை!"

"என் கையா? நல்லா சொன்னீங்க போங்க. எனக்கு வயித்துக்குள்ள மட்டுந்தான் தெரியும். வெளிய ரெண்டு ரோபோ கை ஒண்ணோட ஒண்ணு மோதப் போச்சு. மோதியிருந்தா உள்ள கருவி எகிறி, கணையக் குழாய் கிழிஞ்சிருக்கும். அப்புறம் பாதியை எடுக்கத்தான் வேணும். பக்கத்துல நின்ன இந்த சிஸ்டர்தான் 'நிறுத்துங்க'ன்னாங்க. நிறுத்திட்டேன்."

"உடனேயா?"

"பின்னே? திட்டிட்டு நிறுத்தணுமா?"

மனைவி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் கூண்டு. முதல் நாளே, கன்டெய்னர் பாதி வானத்தில் தொங்கும்போது, கீழே கை உயர்ந்தது. பழக்கதோஷம், இவர் வாய் திறந்துவிட்டது. இடது கை தானாக வயிற்றுத் தழும்பைத் தடவியது. வாயை மூடிக்கொண்டு லீவரை நிறுத்தினார்.

கீழே சிக்னல்காரர் வசவுக்காகத் தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. நிமிர்ந்து கூண்டையே பார்த்தார். பிறகு வயர்லெஸ்ஸில் பதறிப்போய்க் கேட்டார்:

"என்னண்ணே, சத்தத்தையே காணோம்? உடம்பு இன்னும் சரியாகலையா?"