என் வீட்டுப் பகல் பாரா

ஊரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த அந்த நோய்க்காலத்தில், ஆம்பூரில் என் வீட்டுக்காரர் தெருவில் நின்றார். போலீஸ்காரர். நோய் வந்த தெருவைத் தகரம் வைத்து அடைத்துவிடுவார்கள். இராத்திரி முழுக்க அந்தத் தகரத்துக்குப் பக்கத்தில் காவல். விடிந்தபின் வந்து, கொல்லையிலேயே குளித்து, உடுப்பைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கிவிட்டு, முன்னறையில் பாயை விரித்துப் படுப்பார். படுப்பார், அவ்வளவுதான். தூக்கம் வராது.

நான் ஷூ கம்பெனியில் தையல் மிஷின் ஓட்டுகிறவள். கம்பெனியைப் பூட்டிவிட்டதால் வீட்டில் இருந்து இந்தக் கூத்தைப் பார்த்தேன். பால்காரர் மணி அடித்தால் இவர் எழுந்து உட்காருவார். குக்கர் விசில் விட்டால் கதவைத் திறந்து தெருவை எட்டிப் பார்ப்பார். குக்கரைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டுச் சோற்றை வடிக்க ஆரம்பித்தேன். அதற்கும் பலன் இல்லை. முதலில் பாவமாக இருந்தது. அப்புறம் எரிச்சல்தான் வந்தது, பொய் சொல்வானேன்.

ஒரு நாள் நின்றபடியே தூங்கித் தகரத்தின்மேல் விழுந்து, புருவம் கிழிந்து வந்தார். பைபாஸ் தாண்டி பைக் ஓட்டி வருகிற மனுஷன். நாளைக்கு லாரி முன்னால் விழுந்தால்?

“வேலூர் போய் டாக்டரப் பாக்கலாம் வாங்க. தூக்கம் வராததுக்குத் தனியா பாக்கறாங்களாம்.”

“மெண்டல்னு பேர் வாங்கவா? ஸ்டேஷன்ல தலை காட்ட முடியாது. சும்மா இரு, பேஜார் பண்ணாத.”

மறுநாள் காலையில் படுத்தவர், கண்ணை மூடியபடியே முனகினார். “மாத்தறதுக்கு ஆள் வரல.” காவல் நிற்பதை அவர்கள் பாரா என்பார்கள். மாற்று ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் பாராவை விட்டு நகரக்கூடாது. அத்தனை வருஷப் பழக்கம். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய லத்தியை எடுத்துக்கொண்டு, வாசற்படி அருகே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஐயா, பாரா மாத்த வந்துட்டேன். நீங்க போய்ப் படுங்க.”

கிண்டலாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அரைத்தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, கூட வேலை செய்கிறவரிடம் சொல்வதுபோல ஒப்படைக்க ஆரம்பித்தார்.

“பால் உள்ள போய்டுச்சு. முதல் வீட்ல மாசமா இருக்கற பொண்ணு, ஆம்புலன்ஸ் கேட்டா உடனே போன் போடு. அப்புறம் கடைசி வீட்டம்மா வந்து நிக்கும். திமிரி ஊர்ல அதோட அம்மா செத்துட்டாங்க, மூஞ்சியப் பாக்கணும்னு தகரத்தப் புடிச்சுக்கினு அழும். ஆர்டர் இல்ல. விட்டுடாதப்பா.”

“சரிங்கய்யா” என்றேன். இப்படி ஒரு அம்மாவைப் பற்றி என்னிடம் அவர் மூச்சே விட்டதில்லை.

சாய்ந்தவர் குறட்டை விட்டார். நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, அடுப்பு மூட்டவில்லை. கீரைக்காரியைக் கையை ஆட்டியே விரட்டினேன். இடுப்பு விட்டுப் போயிற்று. அவர் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் கண் விழித்தவர் என்னையும் லத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். தூக்கம் நன்றாகத் தெளிந்திருந்தது. இருந்தும் கேட்டார்.

“அந்தம்மா வந்துச்சா?”

“வந்தாங்க. விட்டுட்டேன்.”

“இன்னாது, ஆர்டர் இல்லாமயா?”

“என் பாரா. நான் விட்டேன். போய் அவங்க அம்மா மூஞ்சியப் பாத்துட்டாங்க.”

துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. தடுக்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது. வெகுநேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டார்.

“ஐயா, இன்னிக்கு நைட்டு என்னால வர முடியாதுங்கய்யா. தூக்கமே இல்ல, மனசு சரியில்ல. நாளைக்கு வேலூர் போய் டாக்டரப் பாக்கறேன்.”

அந்தப் பக்கம் இருப்பவர் திட்டப்போகிறார் என்று நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

“எந்த டாக்டர்யா?” என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். “பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லு.”