நான் பூசி மூடிய பள்ளம்

கனடாவிலிருந்து அக்கா அனுப்பிய பெட்டியில், சவர்க்காரங்களுக்கு அடியில் ஒரு முகமூடி கிடந்தது. முன்னால் கம்பி வலை. சுற்றிவரக் கோரைப்பல் வரைந்த பேய்முகம். எதற்கென்று ஒரு வரிகூட இல்லை. சண்டிலிப்பாயில் நான் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தேன். கண்ணூறு படாமல் தொங்கவிடத்தான் அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். நெற்றியில் ஒரு பள்ளம். உடைந்த சாமான் புது வீட்டுக்கு ஆகாதே என்று சீமெந்து பூசி மூடி, கறுப்புப் பெயின்ற் அடித்து, முகப்பில் தொங்கவிட்டேன்.

புது வீட்டுக் குடிபூரலுக்கு அக்காவும் மகனும் வந்தார்கள். மருமகன் அண்ணாந்து பார்த்துச் சிரித்தான்.

“மாமா, அது என்ரை. ஐஸ் ஹொக்கியிலை கோல் காக்கேக்கை போடுறது.” கதிரையில் ஏறி அதன் நெற்றியைத் தடவினான். “இதிலை ஒரு பள்ளம் இருந்ததே?”

“அதை நான் வடிவாய் மூடிட்டன் தம்பி,” என்றேன் பெருமையாக.

அக்காவின் முகம் மாறியது. “விளையாட்டிலை மற்றப் பக்கத்தார் அடிச்ச ரப்பர் வட்டு கல்லு மாதிரி வந்து பட்ட இடமடா அது. உது இல்லாட்டி இவன் இண்டைக்கு இல்லை. வீட்டிலை வைச்சுப் பார்க்கவும் ஏலாது, எறியவும் மனமில்லை. அதுதான் உனக்கு அனுப்பினனான்.”

“ஏன் அக்கா ஒரு சொல்லும் சொல்லேல்லை?”

“கதைக்கவே பயமடா.”

உள்ளே பால் பொங்கிக்கொண்டிருக்க, ஓர் ஆணியால் சீமெந்தைச் சுரண்டத் தொடங்கினேன். கழற்றித் தரவா என்று கேட்டேன். அக்கா பால் பானையைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

இன்னும் முகப்பில்தான் தொங்குகிறது. வருகிறவர்கள் பேய்முகத்தைப் பார்க்கிறார்கள். என் கண் அந்தப் பள்ளத்துக்குத்தான் போகிறது. எவ்வளவு சுரண்டியும் அடியில் கொஞ்சம் சீமெந்து ஒட்டிக்கொண்டே இருக்கிறது.